இணைய வழங்கிகளைத் தாக்கும் முகவரிகள்: கண்டறிதலும் அறிவித்தலும்

முன்னுரை

ஊரைச் சுற்றி மதிலும், மதிலைச் சுற்றி அகழியும், அகழியைச் சூழ்ந்து காவற்காடும் அமைத்து வாழ்ந்தவர் நம் முன்னோர். வள்ளுவப் பெருந்தகை அரணுக்கென ஓர் அதிகாரத்தையே வகுத்துள்ளமை யாவரும் அறிந்ததே. இன்று செல்வமும் செய்தியும் மதிலுக்குள் மட்டும் இருப்பனவல்ல. கல்லூரியின் மதிப்பெண் பட்டியல், வங்கியின் கணக்கு, மருத்துவமனையின் நோயாளர் குறிப்பு ஆகிய யாவும் வழங்கிகள் எனப்படும் கணிப்பொறிகளில் இடம்பெற்றுள்ளன. உலகின் எம்மூலையில் இருப்பவரும் இவ்வழங்கிகளின் வாயிலுக்கு ஒரு நொடியில் வந்து நிற்க முடியும். வருவோருள் விருந்தினரும் உளர், கள்வரும் உளர். இணையத்தில் புதிதாக இணைக்கப்பெறும் ஒரு வழங்கியின் கதவைச் சில மணித்துளிகளுக்குள்ளாகவே யாரோ தட்டிப் பார்க்கத் தொடங்கிவிடுவது இன்றைய நடைமுறையாகிவிட்டது.

தட்டுபவர் யார்? எங்கிருந்து தட்டுகிறார்? அவரைப் பற்றி யாரிடம் முறையிடுவது? அம்முறையீடு பிழையாகிவிடின் பழி யாரைச் சாரும்? இந்நான்கு வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். முதல் மூன்றும் அறிவியலைச் சார்ந்தவை. நான்காவது அறத்தைச் சார்ந்தது. அதனை விடுத்து முதல் மூன்றை மட்டும் கற்பது முழுமையான கல்வி ஆகாது.

முகவரி என்பது யாது?

இணையத்தில் செல்லும் தகவல் முழுவதும் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரித்தே அனுப்பப்படுகிறது. அஞ்சல் உறையின் மேல் அனுப்புநர், பெறுநர் முகவரிகள் இருப்பது போல ஒவ்வொரு பொட்டலத்தின் தலைப்பிலும் இரு முகவரிகள் இருக்கும். இதனையே ஐ.பி. முகவரி என்கிறோம். 1981ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியான விதிமுறைப்படி இம்முகவரி 32 இருமக்கூறுகளால் ஆனது. எழுதும்போது 0 முதல் 255 வரையுள்ள நான்கு எண்களைப் புள்ளியிட்டுப் பிரித்து எழுதுவர். 203.0.113.45 என்பது ஓர் எடுத்துக்காட்டு. விளக்க நூல்களில் பயன்படுத்துவதற்கென்றே ஒதுக்கப்பட்ட தொகுதியிலிருந்து இது எடுக்கப்பட்டதாகும். எந்த மனிதருக்கும் நிறுவனத்திற்கும் இது வழங்கப்படுவதில்லை.

இம்முறையில் அமையக்கூடிய முகவரிகள் மொத்தம் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 ஆகும். இத்தொகை பெரிதெனத் தோன்றினும் உலகுக்குப் போதவில்லை. உலகப் பொதுக் கையிருப்பில் எஞ்சியிருந்த தொகுதிகள் 2011ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் பகிர்ந்தளிக்கப்பட்டுத் தீர்ந்தன. 128 இருமக்கூறுகள் கொண்ட ஆறாம் பதிப்பு முகவரிகள் இப்போது பழையவற்றோடு இணைந்து வழங்கி வருகின்றன.

இம்முகவரிகளை எவரும் தாமே எடுத்துக்கொள்ள முடியாது. உலகம் ஐந்து மண்டலங்களாகப் பகுக்கப்பட்டு, மண்டலத்திற்கு ஒரு பதிவகம் அமைந்துள்ளது. ஆசிய பசிபிக் மண்டலத்தின் பதிவகமாகிய ஏப்னிக், ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் இயங்குகிறது. ஐரோப்பாவிற்கு ரைப், வட அமெரிக்காவிற்கு ஏரின், தென் அமெரிக்காவிற்கு லாக்னிக், ஆப்பிரிக்காவிற்கு ஆஃப்ரினிக் என்பவை ஏனைய நான்காகும். நம் நாட்டிற்கென ஐரின் என்னும் தேசியப் பதிவகமும் உண்டு. பதிவகம் இணைய நிறுவனங்களுக்கு முகவரித் தொகுதிகளை வழங்க, நிறுவனங்கள் தம் வாடிக்கையாளருக்கு அவற்றைப் பிரித்தளிக்கின்றன. எனவே ஒரு முகவரி தெரிந்தால், அது எந்த நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளது என்பதைப் பதிவகத்தின் பொதுப் பதிவேட்டில் எவரும் பார்த்துக்கொள்ளலாம். அம்முகவரியை அந்த நேரத்தில் பயன்படுத்திய ஆள் யார் என்பது அந்நிறுவனத்திற்கு மட்டுமே தெரியக்கூடிய செய்தி. இவ்வேறுபாட்டை வாசகர் உள்ளத்தில் இருத்துவாராக.

தாக்குதலின் வகைகள்

தாக்குதல்களை நான்கு வகையாகப் பகுத்துக் காணலாம். முதலாவது, கதவு தேடல். ஒரு வழங்கியில் பல எண்ணிட்ட வாயில்கள் உள்ளன. இணையப் பக்கங்களுக்கு 80, 443 ஆகிய வாயில்களும், தொலைவிலிருந்து வழங்கியை இயக்குவதற்கு 22ஆம் வாயிலும் வழக்கமாகப் பயன்படுகின்றன. எவ்வாயில் திறந்துள்ளது என ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பது இவ்வகை. இரண்டாவது, கடவுச்சொல்லை ஊகித்தல். பலரும் வைக்கக்கூடிய எளிய சொற்களைப் பட்டியலிட்டு, ஆயிரக்கணக்கில் மாற்றி மாற்றி முயல்வது இது. மூன்றாவது, மென்பொருளில் உள்ள பழுதினூடே நுழைதல். நான்காவது, வெள்ளமெனப் பொட்டலங்களை அனுப்பி, உரியவர் எவரும் வழங்கியை அணுக முடியாதவாறு திணறச் செய்தல்.

இவற்றுள் ஒரு நுட்பம் உண்டு. கடவுச்சொல்லை ஊகிப்பவனுக்கு வழங்கியின் மறுமொழி திரும்பக் கிடைத்தாக வேண்டும். ஆகையால் அவன் பொட்டலத்தில் பொய்யான அனுப்புநர் முகவரி எழுதிப் பயனில்லை. வெள்ளத் தாக்குதல் செய்பவனுக்கோ மறுமொழி தேவையே இல்லை. அவன் பிறர் முகவரியை எளிதில் பொறித்து அனுப்பலாம். எனவே முன்னதில் பதிவாகும் முகவரி உண்மையான ஓர் இணைப்பைக் காட்டும். பின்னதில் பதிவாகும் முகவரி யாதுமறியாத ஒருவருடையதாக இருக்கக்கூடும். இணைய நிறுவனங்கள் தம் எல்லையிலிருந்து பொய் முகவரியோடு வெளியேறும் பொட்டலங்களைத் தாமே தடுத்து நிறுத்த வேண்டும் என்னும் பரிந்துரை 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியாயிற்று. எல்லா நிறுவனங்களும் அதனைக் கைக்கொள்ளாமையே இவ்வகைத் தாக்குதல் நீடிப்பதற்கு ஒரு காரணமாகும்.

எழுபத்தைந்து சென்ட் காட்டிய வழி

தாக்குபவனைத் தடம்பற்றிச் செல்லும் கலைக்கு முன்னோடியாக விளங்கும் ஒரு நிகழ்ச்சியை ஈண்டு விரிவாக நோக்குதல் தகும். 1986ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் கிளிஃபர்ட் ஸ்டோல் என்னும் வானியலாளர், கணிப்பொறிப் பிரிவில் புதிதாகப் பணியமர்ந்திருந்தார். கணிப்பொறியைப் பயன்படுத்தும் நேரத்திற்குக் கட்டணம் வசூலித்த காலம் அது. மாதக் கணக்கில் 75 சென்ட் இடித்தது. அதன் காரணத்தைக் கண்டறியும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

முக்கால் டாலர்தானே எனத் தள்ளிவிடாமல் அவர் ஆராய்ந்தார். கட்டணம் செலுத்துவதற்குரிய முகவரி ஏதும் இல்லாத ஒரு பயனர் பெயர் கணக்கில் புகுந்திருந்தது. இதற்கிடையே வேறோர் அரசு நிறுவனத்திலிருந்து முறையீடு ஒன்று வந்தது. பெர்க்லி ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த யாரோ தங்கள் கணிப்பொறிக்குள் நுழைய முயன்றனர் என்பது அம்முறையீடு. அந்நிறுவனத்தின் கண்ணுக்குப் பெர்க்லியே கள்வனாகத் தோன்றியது. உண்மையில் பெர்க்லியும் களவு போன வீடுதான்! வெளியிலிருந்து வந்த ஒருவன் பெர்க்லியைப் படிக்கட்டாகக் கொண்டு அடுத்த வீட்டு மதிலில் ஏறியிருக்கிறான்.

ஸ்டோல் கதவை உடனே அடைத்துவிடவில்லை. அடைத்தால் கள்வன் வேறு வழியில் வருவான். வருவது தெரியவும் தெரியாது. எனவே உள்வரும் தொலைபேசி இணைப்புகளில் அச்சுப்பொறிகளைப் பொருத்தி, வருவோர் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் தாளில் பதியச் செய்தார். நாளும் நேரமும் குறித்து ஒரு நாட்குறிப்பேட்டையும் பேணினார். அக்காலத்தில் அவன் வந்த வழி இன்றைய ஐ.பி. வழியன்று; தொலைபேசியும் டிம்நெட் என்னும் தகவல் வலையமைப்புமே ஆகும். ஆயினும் தேடும் முறை ஒன்றே. ஓர் இணைப்பைக் கண்டால் அதற்கு முந்திய இணைப்பு எது எனக் கேட்க வேண்டும். அதற்குரிய நிறுவனத்தின் உதவியையும், வேண்டுமிடத்து நீதிமன்ற ஆணையையும் பெற வேண்டும். இவ்வாறு தடம் கலிபோர்னியாவிலிருந்து அமெரிக்காவின் கீழைக் கரைக்கும், அங்கிருந்து கடல் கடந்து அந்நாளைய மேற்கு ஜெர்மனியின் பிரெமன் பல்கலைக்கழகத்திற்கும், முடிவில் ஹனோவர் நகருக்கும் சென்றது.

ஹனோவரின் தொலைபேசி நிலையத்தில் பழைய சுழல் இயந்திரங்கள் இருந்தமையால், ஓர் அழைப்பு எந்த வீட்டிலிருந்து வருகிறது என்பதைப் பணியாளர் நேரில் சென்று கையால் தேடியே காண வேண்டியிருந்தது. அதுவரை கள்வன் இணைப்பில் இருந்தாக வேண்டும். எனவே பாதுகாப்புத் துறை ஆவணங்கள் போலத் தோன்றும் கற்பனைக் கோப்புகளை ஸ்டோல் தம் கணிப்பொறியில் வைத்தார். தேன் கண்ட ஈயென அவன் அவற்றைப் படித்துக்கொண்டே இருந்தான், தடம் முற்றுப்பெற்றது. மார்க்கஸ் ஹெஸ் என்னும் அவ்விளைஞரும் அவருடைய கூட்டாளிகளும் தாம் திரட்டியவற்றைச் சோவியத் உளவுத் துறைக்கு விற்று வந்தமை பின்னர் வெளிப்பட்டது. 1990ஆம் ஆண்டில் அவர்களுக்கு நிறுத்தி வைக்கப்பட்ட சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஸ்டோல் இவ்வரலாற்றை 1989இல் நூலாக வெளியிட்டார். குயிலின் முட்டை என்பது அந்நூற்பெயரின் பொருள். காக்கையின் கூட்டில் குயில் முட்டையிடும் செய்தி நமக்குப் புதிதன்று. அதுபோல, கணிப்பொறியின் சொந்த நிரல் இருந்த இடத்தில் கள்வன் தன் நிரலை வைத்துவிட, கணிப்பொறி அதனைத் தன்னுடையதென எண்ணி அடைகாத்தமையால் அப்பெயர் அமைந்தது.

இந்நிகழ்ச்சி தரும் பாடங்கள் நான்கு. சிறு வேறுபாட்டையும் புறக்கணிக்கலாகாது. பதிவேடின்றித் தேடல் இல்லை. இடையில் காணும் முகவரி கள்வனின் முகவரி ஆகிவிடாது. ஒவ்வொரு படியிலும் உரியவரின் இசைவும் சட்டத்தின் துணையும் வேண்டும். பின்வரும் பகுதிகள் யாவும் இந்நான்கின் விரிவே எனலாம்.

பதிவேடு கூறும் சான்று

இன்றைய வழங்கி ஒவ்வொன்றும் தன்னைத் தொட்டவர் பற்றிய குறிப்பைத் தானே எழுதி வைக்கிறது. வந்த நாள், நேரம், வந்த முகவரி, தட்டிய வாயில், கேட்ட பொருள், கிடைத்த விடை ஆகியன அதில் இருக்கும். ஒருவர் கடவுச்சொல்லை மறந்து இருமுறை தவறாக எழுதுவது இயல்பு. ஒரே முகவரி பத்து மணித்துளிகளில் நூறு பெயர்களைக் கொண்டு முயலுமாயின் அது மறதியன்று, தாக்குதல். வழங்கியில் இல்லாத ஒரு மென்பொருளின் பக்கத்தை மீண்டும் மீண்டும் கேட்பதும் அத்தகையதே.

இப்பதிவேட்டைக் கண்காணித்துத் தாமே கதவடைக்கும் மென்பொருள்களும் உள்ளன. பரவலாக வழங்கும் ஃபெயில்டூபேன் என்பதன் தொடக்க அமைப்பு, பத்து மணித்துளிகளுக்குள் ஐந்து முறை தவறிய முகவரியைப் பத்து மணித்துளிகளுக்கு மட்டும் விலக்கி வைக்கிறது. தடை நிலையானதன்று, காலவரையறை உடையது. தவறுதலாக அகப்பட்டவர் மீண்டு வரவும் இதில் வழியுண்டு.

பதிவேட்டின் உயிர் நேரத்தில் உள்ளது. பெரும்பாலான வீட்டு இணைப்புகளின் முகவரி நிலையானதன்று. காலையில் ஒருவரிடம் இருந்த முகவரி மாலையில் வேறொருவரிடம் இருக்கலாம். இந்திய நேரம் முற்பகல் 10.15 என்பது உலகப் பொது நேரப்படி 4.45 ஆகும். எந்நேரக் கணக்கு எனக் குறிக்காமல் 10.15 என்று மட்டும் எழுதி அனுப்பினால், ஐந்தரை மணி நேரம் கழித்து அம்முகவரியைப் பெற்ற வேறொருவர் மீது குற்றம் விழும். கடிகாரப் பிழை ஒருவருடைய மானத்திற்குக் கேடாய் முடியும். எனவே வழங்கியின் கடிகாரத்தைப் பொது நேர வழங்கியோடு ஒத்திசையச் செய்தல் முதற்கடமையாகும்.

யாரிடம், எவ்வாறு அறிவிப்பது?

இணையத்தில் நிறுவனம் சார்ந்த முறையீட்டு ஏற்பாடுகள் தோன்றியதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள், கார்னெல் பல்கலைக்கழக மாணவராகிய ராபர்ட் மாரிஸ் வெளியிட்ட தானே பரவும் நிரல் ஒன்று, அன்று இணையத்தில் இருந்த ஏறத்தாழ 60,000 கணிப்பொறிகளுள் 6,000 அளவில் முடக்கியதென மதிப்பிடப்பட்டது. யாரை யார் எச்சரிப்பது என்பதே தெரியாமல் நிருவாகிகள் தவித்தனர். அம்மாதமே கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறி அவசர நிலை ஒருங்கிணைப்பு மையம் நிறுவப்பட்டது. பல நாடுகளும் பின்னர் அதனைப் பின்பற்றின. நம் நாட்டில் செர்ட்-இன் எனப்படும் அமைப்பு 2004ஆம் ஆண்டு ஜனவரி முதல் பணியாற்றி வருகிறது.

தனிப்பட்ட தாக்குதலை அறிவிக்கும் முறை எளியது. முதலில் முகவரி எந்த நிறுவனத்திற்கு உரியது எனப் பதிவகத்தில் பார்க்க வேண்டும். முறைகேடுகளைப் பற்றிய அறிவிப்பைப் பெறுவதற்கென அந்நிறுவனம் வைத்துள்ள மின்னஞ்சல் முகவரி அங்கே குறிக்கப்பட்டிருக்கும். இதற்கென அபியூஸ் என்னும் பெயரில் ஒரு பொது அஞ்சற்பெட்டி வைத்திருத்தல் வேண்டுமென 1997ஆம் ஆண்டு மே மாத விதிமுறை கூறுகிறது. அறிவிப்பு மடல் பின்வருமாறு அமையலாம்.

"அன்புடையீர், தங்கள் பொறுப்பிலுள்ள 203.0.113.45 என்னும் முகவரியிலிருந்து, எங்கள் 198.51.100.7 என்னும் வழங்கியின் 22ஆம் வாயிலில், இந்திய நேரம் முற்பகல் 10.15 முதல் 10.25 வரை 140 முறை கடவுச்சொல் முயற்சி நிகழ்ந்துள்ளது. உலகப் பொது நேரம் 4.45 முதல் 4.55 வரை. எங்கள் கடிகாரம் பொது நேரத்தோடு ஒத்திசைந்துள்ளது. பதிவேட்டின் உரிய வரிகளை இணைத்துள்ளோம். தங்கள் வாடிக்கையாளரின் கணிப்பொறி அவர் அறியாமலே பிறர் வயப்பட்டிருக்கவும் கூடும். ஆராய்ந்து ஆவன செய்யக் கோருகிறோம்."

இம்மடலில் கோபமில்லை, வசையில்லை, இன்னார் குற்றவாளி என்னும் தீர்ப்பும் இல்லை. கண்டதை மட்டும் கூறுகிறது. இத்தகைய மடலையே பெறுபவர் எளிதில் செயற்படுத்த முடியும். பதிவேட்டு வரிகளை இணைக்கும்போது அதில் நம் பயனர்களின் பெயரோ கடவுச்சொல்லோ வெளிப்பட்டுவிடாமல் மறைத்தலும் இன்றியமையாதது.

கூட்டுக் காவலும் சான்றின் வலிமையும்

ஒவ்வொருவரும் தனித்தனியே காவல் காப்பதைவிடக் கூடிக் காப்பது சிறப்பு. 1997ஆம் ஆண்டில் பால் விக்சி என்பவர் வேண்டாத மின்னஞ்சலைப் பெருமளவில் அனுப்பும் முகவரிகளின் பட்டியலொன்றை மற்றவரும் பயன்படுத்துமாறு வெளியிட்டார். 1998இல் ஸ்பாம்ஹவுஸ் என்னும் அமைப்பு தோன்றியது. 2000ஆம் ஆண்டின் இறுதியில் யோஹன்னஸ் உல்ரிக் தொடங்கிய டீஷீல்ட் என்னும் திட்டம், பலருடைய காவற்பதிவேடுகளையும் ஓரிடத்தில் திரட்டியது. 2001ஆம் ஆண்டு மார்ச்சில் 53ஆம் வாயிலை நோக்கிய தட்டல்கள் திடீரெனப் பெருகியதை இத்திரட்டு காட்டியமையாலேயே லயன் என்னும் தீநிரல் விரைவில் அடையாளம் காணப்பட்டது. தனியொருவர் கண்ணுக்குத் தூறலாகத் தெரிந்தது, பலர் கண்ணையும் ஒன்றுகூட்டிய போது மழையெனத் தெரிந்தது.

ஆயின் பலரும் எழுதும் பட்டியலில் பொய்யும் புகலாம். பகை கொண்ட ஒருவன் தன் போட்டியாளரின் முகவரியைக் கொடியதெனப் புகார் எழுதலாம். இதற்கு மருந்து யாது? ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர் இதற்கு வழிகாட்டியுள்ளார். ஓர் ஒற்றனை மற்றோர் ஒற்றன் அறியாதவாறு ஆண்டு, மூவர் சொல்லும் ஒத்திருப்பின் அதனைத் தெளிந்து ஏற்கலாம் என்பது அவர் கருத்து. ஒருவர் நூறு முறை கூறுவது நூறு சான்றாகாது. தொடர்பில்லாத மூவர் தனித்தனியே கூறுவதே சான்றாகும். நம்பத்தகுந்த பட்டியல்கள் இன்றும் அவ்வாறே பல தனி வழங்கிகளின் அறிவிப்பு ஒத்துள்ளதா எனப் பார்க்கின்றன.

இஸ்லாமிய மரபிலும் இதற்கிணையான ஒரு கலை செழித்துள்ளமையை இங்கு நினைவுகூர்தல் பொருத்தமுடையது. நபிமொழித் தொகுப்பில் ஈடுபட்ட பெருமக்கள், செய்தி எத்துணை அழகியதாயினும் அதனைச் சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார் என இஸ்னாத் என்னும் அறிவிப்பாளர் தொடரை முழுமையாக ஆராய்ந்தனர். தொடரில் ஒரு கண்ணி அறுந்திருப்பினும் அச்செய்தியின் நிலை தாழும். ஒருவர் மற்றவரைச் சந்தித்திருக்கக்கூடிய காலத்தில் வாழ்ந்தாரா என ஆண்டுக் கணக்கும் பார்த்தனர். அறிவிப்பாளரின் வாழ்வையும் நினைவாற்றலையும் ஆராய்வதற்கென ரிஜால் கலை என்னும் தனித்துறையே வளர்ந்தது. ஒவ்வொரு தலைமுறையிலும் மிகப் பலரால் தனித்தனியே அறிவிக்கப்பட்டதை முத்தவாத்திர் எனப் பகுத்து உயர்ந்த தரத்தில் வைத்தனர். தடத்தின் ஒவ்வொரு கண்ணியையும் சோதித்தல், காலத்தைச் சரிபார்த்தல், பல தனிச் சான்றுகளை ஒப்பிடுதல் ஆகிய இம்மூன்றுமே இணையத்தில் முகவரியைத் தேடுபவருக்கும் வேண்டப்படும் பண்புகளாகும்.

முகவரி வேறு, ஆள் வேறு

இனி, முன்னுரையில் நான்காவதாக நின்ற வினாவிற்கு வருவோம். முகவரி சரியாகவே பதிவாகியுள்ளது, நேரமும் சரியே. அப்போதும் அம்முகவரிக்குரியவர் குற்றவாளி எனத் துணிந்துவிடலாமா? ஆகாது.

முகவரிப் பற்றாக்குறையால் இணைய நிறுவனங்கள் பல வாடிக்கையாளரை ஒரே பொது முகவரியின் பின் நிறுத்துகின்றன. இதற்கென ஒரு தனி முகவரித் தொகுதியே 2012இல் ஒதுக்கப்பட்டது. கைப்பேசி இணைப்புகளில் இது பெருவழக்கு. ஒரு கல்லூரி விடுதியில் ஐந்நூறு மாணவர் தங்கியிருப்பின், வெளியுலகிற்கு அவ்வைந்நூற்றுவரும் ஒரே முகவரியாகத் தோன்றக்கூடும். ஒருவன் செய்த குற்றத்திற்காக அம்முகவரியை நிலையாக விலக்கினால், தேர்வுக்கு விண்ணப்பிக்க முயலும் ஏனைய 499 பேரும் வாயிலில் நிறுத்தப்படுவர். ஒரு நாட்டின் முகவரிகள் அனைத்தையும் விலக்கிவிடுவோம் என்பார் கூற்றும் இத்தகையதே. கள்வன் வேறு நாட்டு வீட்டின் வழியாக வருவான். நல்லவரே வெளியில் நிற்பர்.

2016ஆம் ஆண்டில் உலகை அதிரச் செய்த மிராய் என்னும் தீநிரல் இதற்குத் தக்க சான்று. வீடுகளிலும் கடைகளிலும் பொருத்தப்பட்ட கண்காணிப்புக் கேமராக்களையும் இணைய இணைப்புக் கருவிகளையும் அது தேடிச் சென்றது. தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாமலே பலர் பயன்படுத்தி வந்தமையால், அறுபது அளவிலான பெயர், கடவுச்சொல் இணைகளைக் கொண்டே பல்லாயிரக்கணக்கான கருவிகளை அது கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் அத்தகைய கருவிகள் யாவும் ஒருங்கே ஏவப்பட, டைன் என்னும் நிறுவனத்தின் பெயர்வழங்கிகள் திணறின. டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெருந்தளங்களையும் அமெரிக்காவில் பலரால் அணுக முடியவில்லை. அன்று பதிவேடுகளில் தாக்கியவர் என நின்ற முகவரிகள் யாருடையவை? தம் கடைக்குக் காவலாகக் கேமரா வாங்கி மாட்டிய எளிய வணிகருடையவை. குழந்தையைக் கவனிக்கக் கருவி வைத்த பெற்றோருடையவை. தம் வீட்டுக் காவலனே பிறர் வீட்டைக் கொள்ளையிடுவதை அவர்கள் அறியார்.

அந்நிரலை உருவாக்கியவர்கள் இருபது வயதை ஒட்டிய மூன்று இளைஞர்கள். விளையாட்டு வழங்கிகளின் வணிகப் போட்டியில் தொடங்கிய செயல் அது. அவர்களுள் ஒருவர் தாம் பயின்ற பல்கலைக்கழகத்தின் வலையமைப்பையே பலமுறை முடக்கியவர். 2017இல் மூவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். புலனாய்வுத் துறைக்கு அவர்கள் அளித்த உதவியைக் கருதி, 2018இல் நீதிமன்றம் ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 2,500 மணி நேரச் சமூகப் பணியும் விதித்தது. அறிவு உடையவர், அடக்கம் இல்லாதவர் என்னும் நிலை எத்துணைக் கேடு பயக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

செய்தியைத் தீர விசாரித்த பின்னரே செயற்பட வேண்டும் என்பதும், ஐயத்தைக் கொண்டு ஒருவரைப் பழித்தல் பாவம் என்பதும் திருக்குர்ஆனின் அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கற்பிக்கும் நெறிகளாகும். முகவரியைக் கண்டவுடன் ஆளைக் கண்டதாக எண்ணிப் பெயரைப் பரப்புவோர், அறியாமலே அந்நெறிக்கு மாறுபடுகின்றனர். முகவரி ஒரு தடயம், தீர்ப்பு அன்று.

சட்டத்தின் எல்லை

தாக்கியவனைத் திருப்பித் தாக்கினால் என்ன எனச் சில இளைஞர் கேட்பதுண்டு. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், பிறர் கணிப்பொறியில் இசைவின்றி நுழைவதைத் தவறென்கிறது. தீய நோக்கோடு செய்யின் மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து லட்ச ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம். என்னை முதலில் தாக்கினான் என்பது இதற்கு விலக்காகாது. மேலும் திருப்பியடிக்கும் அடி, பெரும்பாலும் மேற்கூறிய எளிய வணிகரின் கேமரா மீதே விழும்.

நிறுவனங்களுக்குச் சில கடமைகளும் உள. செர்ட்-இன் 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் வெளியிட்ட நெறிமுறைப்படி, குறித்த வகைத் தாக்குதல்களை அறிந்த ஆறு மணி நேரத்திற்குள் அவ்வமைப்பிற்கு அறிவிக்க வேண்டும். பதிவேடுகளை 180 நாட்கள் பேணிக் காக்க வேண்டும். கடிகாரங்களை உரிய நேர வழங்கிகளோடு ஒத்திசையச் செய்ய வேண்டும். ஸ்டோலின் நாட்குறிப்பேடு இன்று சட்டக் கடமையாகவே உருப்பெற்றுள்ளது எனின் மிகையாகாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், தாக்கும் முகவரியைக் கண்டறிதல் அரிய மந்திரமன்று என்பதும், விழிப்பும் பொறுமையும் நேர்மையும் உடையார் எவர்க்கும் கைகூடும் பணி என்பதும் விளங்கும். மாணவச் செல்வங்கள் தம் கல்லூரி வழங்கியின் பதிவேட்டை ஆசிரியர் இசைவோடு படித்துப் பழகலாம். கணிப்பொறித் துறையும் தமிழ்த் துறையும் இணைந்து, முறையீட்டு மடல்களின் மாதிரிகளை ஆங்கிலத்திலும் தமிழிலும் உருவாக்கி அருகிலுள்ள சிறு நிறுவனங்களுக்கு வழங்கலாம்.

சமுதாயப் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். இன்று பள்ளிவாசல், மதரஸா, அங்காடி, இல்லம் என எங்கும் கண்காணிப்புக் கேமராக்கள் உள்ளன. அவற்றைப் பொருத்தியவர் இட்டுச் சென்ற கடவுச்சொல் மாற்றப்பட்டதா என இன்றே வினவுங்கள். மாற்றப்படாதிருப்பின், எங்கோ ஒரு மருத்துவமனையின் பதிவேட்டில் தாக்கியவர் பட்டியலில் நம் பள்ளிவாசலின் முகவரியும் நின்றுகொண்டிருக்கலாம். அவ்வாறு ஒரு முறையீடு நமக்கு வந்து சேருமாயின், சினந்து மறுக்காமல், அறிவித்தவர்க்கு நன்றி கூறி ஆராய்வதே முறைமை. பிறர் கதவைத் தட்டுபவனைத் தேடுமுன் நம் கதவைத் தாழிடுவோம்; தட்டியவனைக் கண்டபின் தீர விசாரித்தே பேசுவோம். அதற்குரிய அறிவையும் பொறுமையையும் எல்லாம் வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக.